மகதலேனா தள்ளிவைத்த எழுத்துகள்

ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் துணி வெளுத்துக்கொண்டிருந்த மகதலேனா அக்கா அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவ்வளவு எதற்கு என்று கேட்பார். பாதி எழுத்தை வெள்ளைக்காரன் பொழுது போகாமல் செய்துவைத்திருக்கிறான் என்பார். அவரிடம் துணி போட்ட, ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த கிராணிகள் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். என் கல்யாணம் நடப்பதும் நடக்காமல் போவதும் அந்த எழுத்துகளின் கையில் இருக்கப்போகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பேன்.

அக்கா கிளாங்கில் கன்னியர் மடத்துப் பள்ளியில் சில வருஷம் படித்தவர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் அத்தனையும் தெரியும். சின்ன எழுத்துகளைச் சொல்லித்தருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் அம்புரோஸ் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். கரித்தூசி மாரில் இறங்கி, இருமலும் இளைப்புமாக அவர் வீட்டோடு உட்கார்ந்தபோது அக்கா அழுதுகொண்டு நிற்கவில்லை. கல்யாணமாகாத கிராணிகள் தங்கியிருந்த எங்கள் மெஸ்ஸுக்கு நேரே வந்து, "உங்க துணிய இனிமே நான் துவைக்கிறேன்" என்று சொல்லி மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாராம். யாரும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

மாதா கோயிலில் சில பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். வேதக்காரக் குடும்பத்துப் பெண் ஊரார் அழுக்கைத் துவைப்பதா என்று பேச்சு வந்தது. "வெள்ளைச் சட்ட போடுறது கௌரவம், அத வெள்ளையாக்குறது மட்டும் கேவலமா?" என்று அக்கா கோயில் வாசலில் வைத்தே கேட்டார். கொஞ்ச நாளில் சுளித்த முகங்களும் தங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தன.

துணி மாறாமல் இருக்க வேண்டுமானால் குறி போட வேண்டும். சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் பாலைத் தொட்டுத் துணியில் எழுதி, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். துணி கிழிந்து கரித்துணி ஆகும்வரை அது போகாது. ஆற்றங்கரையில் துணி வெளுத்த நாகையா புள்ளியும் கொக்கியும் வைப்பார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. படித்த பெண்ணுக்குப் புள்ளி எதற்கு? ஆளுக்கொரு ஆங்கில எழுத்து என்று ஏற்பாடு செய்தார். எங்கள் பேரெல்லாம் A-யிலும் S-இலும் வந்து முட்டிக்கொண்டதால் பேருக்கும் குறிக்கும் சம்பந்தம் கிடையாது. மெஸ்ஸுக்கு யார் வந்தாலும் காலியாக இருக்கிற எழுத்து அவருக்கு. வீட்டுத் துணிக்குக் குறி இல்லை. அம்புரோஸின் சட்டைகள் தனிக் கொடியில் எந்த எழுத்தும் இல்லாமல் காயும்.

முதலில் தள்ளுபடியானது W. பருமனான தம்புசாமிக்கு W, ஈர்க்குச்சி போன்ற பழனியப்பனுக்கு M. அக்காவே இஸ்திரியும் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கைலியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து மாற்றி அனுப்பிவிட்டார். தம்புசாமி குளித்துவிட்டு வந்து பழனியப்பனின் கைலிக்குள் நுழையப் பார்த்ததையும், தொடைக்கு மேல் அது ஏற மறுத்ததையும் மெஸ்ஸில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றோடு W போயிற்று. வால் தேய்ந்தால் O ஆகிவிடுகிறது என்று Q-வையும் ஒழித்தார்.

"அக்கா, W இல்லாம இங்கிலீஷ் எப்படி எழுதுறது?" என்று தம்புசாமி ஒருநாள் கேட்டார்.

"நீங்க காகிதத்துல எழுதுறவங்க. காகிதத்துக்குத் தல இருக்கு, காலு இருக்கு. துணிக்கு எது தல? நீங்களே சொல்லுங்க. எப்படிப் பிடிச்சாலும் ஒரே மாதிரி தெரியுறதுதான் எழுத்து. மத்ததெல்லாம் வேஷம்."

நான் மெஸ்ஸுக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. சுங்கை பூலோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, படித்து, ரயில்வேயில் கிராணி வேலைக்கு வந்தவன். பேர் இருதயம். ஆங்கிலத்தில் I-யில் தொடங்குகிற பேர், அது காலியாகவும் இருந்தது, ஆகையால் அதையே கேட்டேன்.

"அது ஒரு கோடு தம்பி. துணி மடிஞ்சாலும் கோடுதான் விழும். அது எழுத்தே இல்ல" என்று அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டு எனக்கு N கொடுத்தார். சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்த டொமினிக்குக்குக் கடைசி எழுத்தான Z.

மெஸ்ஸில் கைத்துண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி. யூனுஸ் பாய் கடையில் ஒரு முழுச் சுருள் வெள்ளைத் துணி வாங்கி, சதுரம் சதுரமாகக் கிழித்து, நாலு பக்கமும் ஓரம் அடித்துப் பங்கு போட்டுக்கொண்டோம். மூலையில் அக்காவின் குறி. அதை விட்டால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது.

இந்தத் துண்டுகளை வைத்துத்தான் அக்கா ஆட்களை எடைபோட்டார். சட்டை நாலு பேர் பார்ப்பதற்காகப் போடுவது, அதில் மனுஷன் உஷாராக இருப்பான் என்பார். வாயைத் துடைக்கிற துண்டை யாரும் பார்ப்பதில்லை, ஆகையால் அதுதான் ஆளைச் சொல்லும் என்பார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குத் தெரியாதது இல்லை. யாருக்குச் சளி, யாருக்கு ஈறில் ரத்தம், சம்பளத்தன்று யார் பிரியாணி தின்றான், எல்லாம் தெரியும். பழனியப்பன் யாரிடமும் சொல்லாமல் இருமிக்கொண்டிருந்த வாரத்தில் வெளுத்த துணியோடு ஒரு போத்தல் கஷாயமும் வந்து சேர்ந்தது.

எனக்குச் சட்டையும் சரி, துண்டும் சரி, சுத்தம். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வெற்றிலை தொட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வழக்கில் இது முக்கியம்.

நான் வந்த சமயம் இஸ்திரி மேசைக்கு அக்காவின் மகள் கெர்ட்ரூட் வந்துவிட்டாள். வெளுத்த துணியை மேசையில் விரித்து, தேய்த்து, குறி பார்த்து ஆளாளுக்குக் கட்டிவைப்பது அவள் வேலை. சனிக்கிழமை அம்புரோஸ் தள்ளுவண்டியில் துணி கொண்டுவரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போனது. நானே போய் வாங்கிவர ஆரம்பித்தேன்.

"காலருக்குக் கஞ்சி போதுமா?" என்பாள்.

"போதும்."

"போன வாரம் போதலன்னீங்க."

"அது போன வாரம்."

எங்கள் காதல் மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் இந்த நாலு வார்த்தையை நம்பி நான் அடுத்த சனிக்கிழமை வரை உயிர் வாழ்ந்தேன். மெஸ்ஸில் எல்லோரையும் போல நானும் மகதலேனாவை அக்கா என்றே கூப்பிட்டேன். அக்கா மகள் கட்டிக்கொள்கிற முறைதான் என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

என் அப்பா சுங்கை பூலோவிலிருந்து வந்து முறைப்படி பெண் கேட்டார். அக்கா காப்பி கொடுத்தார், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் நான் போனபோது கெர்ட்ரூட் உள்ளே இருந்து வரவில்லை.

"அக்கா, எங்கிட்ட என்ன குறை?" என்று கேட்டேன்.

"உங்க துண்டக் கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளப் போய்விட்டார்.

அம்புரோஸ் என்னோடு முச்சந்தி வரை வந்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க தம்பி. உங்க துண்டுல கள்ளு வாட வீசுதாம். வெத்தலச் சாறு. ஒரு தடவ அத்தரும் பவுடருமா இருந்துச்சாம். சட்ட மட்டும் பால் மாதிரி இருக்கே, ஆளு நடிக்கிறான்னு சொல்றா."

"அண்ணே, நான் வெத்தலையத் தொட்டதே கிடையாது!" வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். அவர் குனிந்து, மாடு வாங்க வந்தவர் போல நிதானமாகப் பார்த்தார்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ பல்ல நம்ப மாட்டா லா. துணியத்தான் நம்புவா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மெஸ்ஸுக்குப் போய் என் துண்டுகளை எல்லாம் எடுத்து முகர்ந்தேன். சோப்பு வாசனையும் வெயில் வாசனையும்தான் வந்தன. அதற்குள் குழாயடியில் விஷயம் பரவிவிட்டது. கோயிலுக்குப் போனால் பெண்கள் என்னைப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நடப்பது செய்த குற்றத்தைவிடக் கஷ்டம். கிளாங் ஸ்டேஷனுக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

அங்கே நான் இருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. கெர்ட்ரூடை டொமினிக்குக்குப் பேசி முடித்துவிட்டார்கள்.

டொமினிக் கெட்டவன் இல்லை. சிரித்த முகம், தாராளமான கை. ஆனால் சாயங்காலமானால் கள்ளுக்கடை, அங்கிருந்து எங்கே போவான் என்று மெஸ்ஸில் யாரும் கேட்பதில்லை. அக்காவோ அவனைக் கொண்டாடினார். சட்டையெல்லாம் சரக்குக் கொட்டகைத் தூசி, துண்டு மட்டும் பளிச்சென்று சுத்தம், உழைக்கிற பிள்ளை, ஒளிக்கத் தெரியாத பிள்ளை என்று குழாயடியில் சொன்னாராம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் துண்டு சுத்தமா? ஒரே பந்தியில் சோறு தின்றவனைப் போட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சொன்னாலும் பொறாமை என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பயணச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசை நடுவில் கேட்பார். மூன்றாவது ஓலையும் வாசித்து முடிந்தால் முடிந்ததுதான். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. கேட்டதற்குக் கெர்ட்ரூட் "அம்மா இஷ்டம்" என்றாளாம்.

மூன்றாவது ஓலைக்கு முந்திய நாள் நடந்ததைக் கெர்ட்ரூட் பின்னால் எனக்குச் சொன்னாள். அன்று காலையில் மழை. இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த கரி நனைந்துவிட்டது. வேலை இல்லாததால் அவள் பின்கட்டுக்குப் போய், அழுக்குத் துணி பிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே அதுவரை இல்லை. அக்கா துண்டை மூலையில் பிடித்துத் தூக்கி, பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்து, அழுக்குக்குத் தகுந்தபடி தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டு வந்தது. மூக்கைச் சுளித்தார்.

"பாவி, இன்னும் அடங்கலையே இந்த N."

"எந்த N-மா?"

"எந்த N-ஆ? உங்கப்பனக் காக்கா பிடிச்சுப் பொண்ணு கேட்டானே, அவன்தான். போன வாரமும் இதே நாத்தம்."

"அவரு கிளாங்குக்குப் போயி ரொம்ப நாளாச்சேம்மா. அவரு துணி வரதே இல்ல. நான் தேய்க்கிற மேசையில N-ஏ கிடையாது."

அக்கா துண்டை இன்னொரு முறை முகர்ந்தார். "அப்ப சாயங்காலம் ரயிலேறி வந்து இங்க குடிச்சிட்டு, துண்ட மெஸ்ஸுல போட்டுட்டுத் திரும்பிப் போறான்" என்றார். உறுதியான குரலில்தான் சொன்னார். சொல்லி முடித்தபின் தன் காதில் விழுந்தது அவருக்கே பிடிக்கவில்லை.

கெர்ட்ரூட் அந்தத் துண்டை வாங்கி, மேசையில் விரிப்பது போலத் துவைக்கிற கல்லில் விரித்தாள். மூலையில் Z. துண்டைக் கால் வட்டம் திருப்பினாள். N. மறுபடி திருப்பினாள். Z.

"துணிக்கு எது தலன்னு நீங்கதானே கேப்பீங்க?" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். குறி போடும்போது அக்கா துண்டைப் பலகையில் படுக்கப் போட்டு எழுதுவார். அழுக்குப் பிரிக்கும்போது மூலையைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்ப்பார். சட்டைக்குக் காலர் உண்டு, அதனால் குறி நேராகவே தெரியும்; நாலு பக்கமும் ஒன்றான துண்டுக்கு அப்படி இல்லை. A படுத்துக் கிடந்தாலும் A-தான், K-யும் அப்படியே. இந்த இரண்டு எழுத்து மட்டும் படுத்தால் ஒன்று இன்னொன்றாகிவிடும். தலைகீழாக்கிப் பார்த்து W-வை விரட்டியவர், எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. கெர்ட்ரூட், அம்மா குறி போடும்போது வைப்பது போலவே, குறியுள்ள மூலை வலக்கைப் பக்கம் கீழே வரும்படி மேசையில் நேராக விரித்துப் பார்த்ததால் வெளுத்த துண்டு எப்போதும் சரியான ஆளுக்கே போனது. ஆகையால் மெஸ்ஸில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. டொமினிக்கின் கள்ளெல்லாம் என் கணக்கில் ஏறியது. என் சுத்தமெல்லாம் அவன் கணக்கில்.

அக்கா கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். குழாய் திறந்தபடி தண்ணீர் ஓடியது. தண்ணீரை வீணாக்கினால் யாரையும் சும்மா விடாத மனுஷி அவர்.

"அந்தப் பிள்ளைய என்னென்ன சொல்லிட்டேன்டி" என்றார். எழுந்துபோய்க் குழாயை மூடினார். பிறகு, "நீ ஏன்டி வாயத் தொறக்கல? உனக்கு அவனப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சா இல்லம்மா. இருக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் கிளாங்கிலிருந்து முதல் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு வந்தேன். வலிக்கிற பல்லையே நாக்கு போய்ப் போய்த் தொடுவதில்லையா, அந்த மாதிரி. கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டொமினிக் புதுக் கோட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தான். பெண்கள் பக்கத்தில் கெர்ட்ரூடின் முக்காடு மட்டும் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரச் சாமியார் தன் நாக்குக்கு வந்த தமிழில் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்தக் கோயிலில் அதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. சாமியாரும் காத்திருக்காமல் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

"சாமி, தட இருக்கு."

கோயில் முழுக்கத் திரும்பியது. மகதலேனா அக்கா எழுந்து நின்றார்.

"நீ பெண்ணுடைய தாய் அல்லவா?" என்றார் சாமியார்.

"ஆமா சாமி, நான்தான். தடையும் எங்கிட்டதான் இருக்கு." சாமியார் வீட்டுக்குப் போய் ரகசியமாகவும் சொல்லியிருக்கலாம். குழாயடியில் ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். "கிளாங்குக்குப் போன இருதயம் மேல நான் ஒரு பழி சொன்னேன். இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். அது அத்தனையும் பொய். அந்தப் பிள்ள மேல ஒரு கறையும் கிடையாது. டொமினிக் தம்பி மேலயும் குத்தம் சொல்ல வரல. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

"என்ன படித்தாய், மகளே?"

"Z-ன்னு ஒரு எழுத்து சாமி. தேவையே இல்லாத எழுத்து."

தம்புசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு மெஸ் வரிசை முழுக்கச் சிரித்தது. சாமியார் பெரிதாக இருமிக்கொண்டு பீடத்தின் பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண் முழுக்கத் தண்ணீர். டொமினிக்கின் கள் விஷயத்தை அந்த அம்மாள் ஒரு வார்த்தை வெளியிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவனும் அதைக் கவனித்திருந்தான். பூசை முடிந்ததும் என் தோளைத் தட்டி, "நல்லவேள லா, எனக்கு அந்த அம்மாவத் தாங்காது. உனக்குத்தான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா கோயில் வாசலில் என் முன்னால் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. என் கழுத்தையே பார்த்தார்.

"கிளாங்குல எவன் துவைக்கிறான்? காலரெல்லாம் மஞ்ச பூத்துக் கிடக்கு. நாளைக்கே துணிய அனுப்புங்க." பிறகு, "அப்பாவையும் வரச் சொல்லுங்க" என்றார்.

எங்களுக்கு மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசித்தார்கள். நான் மறுபடி பிரிக்பீல்ட்ஸுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். Z-ஐ அக்கா அன்றோடு ஒழித்தார். டொமினிக்குக்குப் புது எழுத்துக் கொடுத்து, "இதுல அந்த வாட வந்துச்சுன்னா நேரா மெஸ்ஸுக்கே வருவேன்" என்று எச்சரித்தும் வைத்தார். அப்போதும் அவன் குடித்தான், ஆனால் வாயைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டான்.

கல்யாணமான முதல் வாரம் கெர்ட்ரூட் எனக்குப் புதுத் துண்டுகள் தைத்துவைத்திருந்தாள். N போட்ட பழைய துண்டுகளை அக்கா அடுப்புத் துடைக்க எடுத்துக்கொண்டுவிட்டார். சனிக்கிழமை வெளுத்து வந்த துண்டை எடுத்துப் பார்த்தேன்.

"குறி போட மறந்துட்டீங்களே, அத்த" என்றேன்.

அவர் கொடியிலிருந்து அம்புரோஸின் சட்டையை உருவிக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நம்ம வீட்டுத் துணிக்கு எவளாச்சும் குறி போடுவாளா, மாப்பிள்ள?"

துண்டை நாலு மூலையும் திருப்பிப் பார்த்தேன். எதிலும் எழுத்து இல்லை.